நாற்பது வினாடி இருட்டு

"அம்மா, சித்தப்பா, அப்பா, நடுவர் மேடம், அப்புறம் நான். அஞ்சு பேரும் அவங்கவங்க இடத்துல இருக்கோம்ல? லைட்டை அணைக்கப் போறேன்."

மகள் சுவிட்சைத் தட்டினாள். பகல் மூன்று மணிதான். ஆனால் ஜன்னல்களில் இரட்டைப் போர்வை தொங்கியதால் கூடம் கும்மிருட்டானது.

புகைப்படப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு அறிவித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. ஒளியிழைகளால் பின்னிய ஓர் உருண்டை, அதன் பின்னால் அடிவானம் போல ஒரு நீலக் கோடு. அவ்வளவுதான் படம். 'இது கேமராவில் எடுத்ததல்ல, கம்ப்யூட்டரில் வரைந்ததாக இருக்கலாம். நேரில் சோதித்துப் பார்க்கவும்' என்று போட்டிக்குழுவுக்கு ஒரு கடிதம் போய்விட்டது. நடுவரே வீடு தேடி வந்துவிட்டார், தன் மெமரி கார்டோடு. அவர் கண்முன் அதே படம் வர வேண்டும். வராவிட்டால் பரிசு ரத்து. இனி எந்தப் போட்டியிலும் அவள் பெயரைச் சேர்க்க மாட்டார்கள்.

"எந்த வயித்தெரிச்சல் பிடிச்சவன் எழுதினானோ! என் கையில மட்டும் கிடைக்கட்டும்..." இருட்டில் சித்தப்பா பல்லைக் கடித்தார்.

"கேள்வி கேட்டா என்ன தப்பு?" என்றது அப்பாவின் குரல். "நிஜமா எடுத்திருந்தா எடுத்துக் காட்டட்டும். தகுதியில்லாத பரிசு நம்ம வீட்டு வாசப்படி ஏறக் கூடாது."

மகளுக்குச் சுருக்கென்றது. அவள் இப்படிப் படமெடுக்கும் நாட்களில் அப்பா ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

"எண்ணும்மா," என்று கேமராவின் ஷட்டரைத் திறந்தாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

நாற்பது வினாடிக்கு ஷட்டர் திறந்தே இருக்கும். அதற்குள் நகரும் வெளிச்சமெல்லாம் கோடாகப் பதியும். கறுப்புடையில் நகரும் ஆள் பதியமாட்டார். கயிற்றில் கட்டிய குட்டி பல்பைச் சுழற்றியபடி, ஒரே புள்ளியைச் சுற்றி அவள் அடியெடுத்து வைத்தாள். பின்னால் நீல டார்ச்சுடன் குறுக்கே நடப்பது சித்தப்பாவின் வேலை.

எண்ணிக்கை இருபத்தாறில் அவருடைய சட்டைப்பையில் செல்போன் பளீரென்று ஒளிர்ந்து பாடியது.

"போச்சு!"

"உன் சித்திதாம்மா! எங்க போய் ஒளிஞ்சாலும் கண்டுபிடிச்சுடுவா!"

படத்தின் நடுவே பெரிய வெள்ளைத் திட்டு. "இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார் நடுவர்.

அப்பா எழுந்து வந்தார்.

"அந்த டார்ச்சை இப்படிக் கொடுடா."

"அப்பா, உங்க வெள்ளைச் சட்டை படத்துல விழும்."

அம்மா தன் கறுப்புச் சால்வையை எடுத்து அவரைப் போர்த்தினாள்.

"பொம்பளைச் சால்வையையா?"

"இருட்டுல யாருங்க உங்களைப் பார்க்கப் போறாங்க?"

மறுபடியும் இருட்டு. மறுபடியும் அம்மா எண்ணினாள். நாற்பதில் விளக்கு எரிந்தது. நடுவர் திரையில் குனிந்தவர், நிமிரவேயில்லை.

"உருண்டை பரிசுப் படத்துல இருக்கறதைவிடப் பிரமாதம். ஆனா இந்த நீலக் கோடு... ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கே!"

"அவர் நடையே அப்படித்தான் மேடம்," என்றாள் அம்மா. "கல்யாணத்தன்னிக்கே பார்த்துட்டேன்."

நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். "சந்தேகமேயில்லை. பரிசு உனக்குத்தான்மா."

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சித்தப்பா விடுவதாக இல்லை. "மேடம், அந்தக் கடுதாசி எழுதினவன் பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"அது சொல்லக் கூடாதுங்க."

அப்பா சால்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

பொறாமைக்காரன் எவனோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டான் என்று உறவுக்காரர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கடிதத்தில் பெயர், முகவரி இரண்டும் தெளிவாக இருந்தன; கையெழுத்துப் போடாமல் அப்பா எதையும் எழுதி அனுப்பியதில்லை.