கூடையில் வைத்த பந்து

வேலிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம் வந்ததிலிருந்து சடைச்சியின் வீட்டைச் சுற்றி வெள்ளைப் பந்துகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. கோழி இடம் மாறாமல் முட்டையிடக் கூடையில் ஒரு முட்டையை விட்டுவைக்க வேண்டும். முட்டையை வீணாக்குவானேன் என்று அவள் ஒரு பந்தை வைத்தாள். கோழிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“பாம்புக்கும் தெரியாதுடி,” என்றான் அவள் புருஷன் இருளப்பன். மைதானத்தில் புல் வெட்டுகிறவன் அவன். அவள் வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றிய புற்றை இடித்துத்தான் அங்கே புல் பதித்திருந்தார்கள். புற்றில் இருந்தது எங்கே போனதென்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இன்று கொல்லையில் கோழி அலறியது. பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு ஓடினாள். கூடையில் பந்து இல்லை. மண்சுவரின் அடியில், எலி வளைக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தது நல்ல பாம்பு. வயிற்றில் புடைத்திருந்த பந்து வளையின் வாயில் சிக்கிக்கொள்ள, வெளியே கிடந்த வால் மண்ணில் அடித்துக்கொண்டது. தலை வீட்டுக்குள் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாய்.

அவளையறியாமல் கை கும்பிட்டது. “தெரியாம வச்சுட்டேன், தாயி.”

சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கதவில் கை வைத்தபோது அழுகை நின்றது. பிறகு, கண்ணெதிரே யாரோ கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டுவதுபோல, பிள்ளை சிரித்தது.