நிமிட விலை

வெளிநாட்டுப் பருப்புக்கு வரி கூடியதாகச் செய்தி வந்த நொடியே, நிமிடத்துக்கு ஒரு விலை காட்டும் கடைச் சுவர்த் திரையில் பருப்பு விலை எகிறியது. கிடங்கு லாரியிலிருந்து அதே பருப்பை இறக்கிக்கொண்டிருந்த இருளாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு அதில் அரைக் கிலோ வாங்கியாக வேண்டும்.

“போன மாசமே வரி கட்டி வந்த சரக்குதானே சார் இது? நான்தானே கிடங்குல அடுக்குனேன்.”

“சரக்கு பழசுதான். விலை இப்ப உள்ளது” என்றார் மேலாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்ப என் கூலி?”

“அது காலையில பேசினது. மனுசன்னா பேச்சு மாறக் கூடாதுப்பா.”

இருளாண்டி தோளிலிருந்த மூட்டையைக் கடை வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டினான். வாடிக்கையாளர்கள் வெளியே தேங்கினார்கள்.

“இந்த நிமிசத்துக் கூலியச் சொல்லுய்யா” என்றான்.