ஆறு பந்துக்கு ஒரு ஆள்

"ஆறு பந்து! வெறும் ஆறு பந்துக்கு வைரவனைத் தூக்கிக் குடுத்தாரே பாய் அந்த முரளிதரன்! அவரெல்லாம் ஒரு டீம் மேனேஜர்!"

அருள்ராஜ் சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் முதலாளி கலீலுர் ரஹ்மான் சிரிக்கவில்லை. கரக் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

தோஹா தொழில்பேட்டையில், கலீல் பாயின் வெல்டிங் ஒர்க்‌ஷாப் கொட்டகையில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஜும்ஆ முடிந்து, பிரியாணியும் முடிந்து, எல்லாரும் கொஞ்சம் மயக்கத்தில் இருந்தார்கள். கம்பெனிகளுக்குள் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் கூடைப்பந்துப் போட்டிக்கு, அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கும் நாள் அது. அணிகள் முறை வைத்து ஒவ்வொரு ஆளாக எடுக்கும்; அந்த முறைக்கு 'பிக்' என்று பேர்.

விளையாட்டுதானே என்று லேசாக நினைத்துவிட வேண்டாம். எந்தக் கம்பெனிக்கு ஆடுகிறானோ அந்தக் கம்பெனி விசாவில்தான் ஆள் இருக்க வேண்டும் என்பது இவர்கள் போட்டுக்கொண்ட சட்டம். ஆட்டக்காரனை எடுத்தால் வேலையும் கொடுத்தாக வேண்டும். பின்வரிசையில் காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பந்து இரண்டாம்பட்சம்.

அந்த வரிசையின் கோடியில் முரளிதரனும் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, சட்டைக்குள் அடங்காத தொப்பை, காலில் புது ஷூ. ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப் ஆபீஸில் கிளார்க்காக இருந்துகொண்டே அவர்கள் அணிக்கும் மேனேஜராக இருந்தவர். அந்தக் கம்பெனியைப் போன மாதம் மூடிவிட்டார்கள். இன்றைக்கு யாராவது எடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"ஷூவைப் பாருங்க பாய். இவரை எவன் எடுப்பான்?" என்றான் அருள்ராஜ்.

அவனும் முரளிதரனிடம் ஆடியவன்தான். நடு சீசனில், அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளும் 'ட்ரேடு' என்ற பேரில் அவனைக் கலீல் பாயின் அணிக்குத் தள்ளிவிட்டார். இப்போது இங்கே கேப்டனாகிவிட்டாலும் அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்றார் கலீல் பாய்.

"எப்படி விடுறது? பாலமுரளியைக் குடுத்துட்டுப் பழைய ஜெர்ஸி வாங்கினாரு, அதுவும் துவைக்காதது! கார்மேகத்துக்குப் பதிலா ஒரு வேளை விருந்து! ஒரு ட்ரேடுலயாவது பதிலுக்கு ஒரு ஆளைக் கேட்டு வாங்கினாரா? எனக்கு ரெண்டு வருஷக் காண்ட்ராக்ட் இருந்துச்சு. அதையும் கிழிச்சுப் போட்டாரு. கடைசி மேட்சுக்கு ஆளே இல்லாம, ஆடாமலே தோத்து, கடைசி இடம்! என்னை எதுக்கு வித்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நீங்களும் சொல்ல மாட்டேங்கறீங்க."

கலீல் பாய் டம்ளருக்குள் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு பாய்." அருள்ராஜின் குரல் இறங்கியது. "முட்டி வீங்கி நொண்டிக்கிட்டிருந்த என்னையும் நம்பி எடுத்தீங்களே. உங்களாலதான் என் வீட்ல அடுப்பெரியுது. என் சம்சாரம் கனகா தினமும் விளக்கேத்தறப்ப உங்க பேரையும் சொல்லித்தான் கும்பிடறா."

"என் பேரையா? வேண்டாம்னு சொல்லுப்பா" என்றார் பாய் அவசரமாக. அவருக்கு ஏனோ முகம் சுருங்கிவிட்டது.

அவருடைய அடக்கத்தை நினைத்து அருள்ராஜுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு முதலாளி யாருக்கு வாய்க்கும்?

போட்டியை நடத்தும் ஜாபர் சாதிக்கின் குரல் மைக்கில் கேட்டது. "முதல் பிக், கலீல் பாய் டீம்! யல்லா, கேப்டன் வாங்க!"

"கடைசியா வந்த டீமுக்குத்தானே முதல் பிக்? கப் ஜெயிச்ச நமக்கு எப்படி பாய் வந்துச்சு?"

"வந்துச்சு. நீ போய்ப் பேரைச் சொல்லு."

"வேற யாரு, அஸீம்தான். ஆறடி நாலு அங்குலம். எல்லா டீமும் அவன் மேலதான் கண்ணு வச்சிருக்கு."

அருள்ராஜ் எழுந்தான். கலீல் பாயும் எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அருளு, முரளியை எடுக்கலாமாப்பா?"

"விளையாடாதீங்க பாய்! முதல் பிக்கைக் கொண்டுபோய் அந்த ஆளுக்கா? இன்னைக்கு ஒக்காந்திருக்கட்டும். வேண்டாதவன்னு தள்ளிவிட்டா எப்படி இருக்கும்னு அந்த ஆளுக்கும் தெரியட்டும்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு முரளிக்கு வாக்குக் குடுத்திருந்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்." பாய் அவன் காதருகே குனிந்தார். "கம்பெனி மூடப்போறது ஆபீஸ்ல இருந்த அவனுக்கு முன்னாடியே தெரியும். விஷயத்தை வெளிய விட்டா அன்னிக்கே அவனை ஊருக்குக் கிளப்பிவிட்டுருவாங்க. அதனால ட்ரேடுங்கற சாக்குல உங்களை ஒவ்வொருத்தனா வேற விசாவுக்கு மாத்திவிட்டான். பந்து, ஜெர்ஸி, விருந்து எல்லாம் சும்மா பேருக்கு."

"அப்ப... என்னை எதுக்கு வித்தாரு?"

"விக்கவே இல்லப்பா. அந்த முட்டியோட உன்னை ஒருத்தரும் எடுக்கல, நானும் முடியாதுன்னுட்டேன். 'இவனை மட்டும் எடுத்துக்கங்க பாய், எங்க அடுத்த வருஷ முதல் பிக்கையும் சேர்த்துத் தர்றேன்'னு கெஞ்சிக் குடுத்துட்டுப் போனான்."

"கேப்டன், ஜல்தி!" என்றார் ஜாபர் சாதிக்.

அருள்ராஜ் மைக்கை வாங்கினான். பின்வரிசையின் கோடியைப் பார்த்தான்.

"முதல் பிக்... எங்க முரளி அண்ணன்."