போயிட்டு வரேன்

அருமைநாயகத்தின் செயற்கை இதயத்துக்குள் ஒரு சின்ன மெசேஜ் சர்வர் இருந்தது. பேட்டரி மாற்றும்போதெல்லாம் அந்த சர்வர் மட்டும் அவர் மனைவி செண்பகவல்லியின் போனுக்கு 'போகிறேன்' என்று எழுதிவிட்டு அணையும்.

அந்த வரியை எழுதிய புரோகிராமர் ரிஸ்வானாவுக்கு ஒருநாள் செண்பகவல்லியிடமிருந்து போன் வந்தது.

"போறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களாம்மா? போயிட்டு வரேன்னு சொல்லச் சொல்லு. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அவரைப் பாத்துட்டு வரேன்."

ரிஸ்வானா சிரித்துக்கொண்டே திருத்தினாள். கையோடு, சர்வர் திரும்ப ஓடத் தொடங்கும்போது 'வந்துட்டேன்' என்று சொல்லவும் ஒரு வரி சேர்த்தாள். செண்பகவல்லி அதற்காக அவளுக்கு ஒரு டப்பா முறுக்கு அனுப்பிவைத்தார்.

சில வருஷங்களில் அருமைநாயகம் இறந்துபோனார். எதனால் நின்றது என்று பார்க்க அந்த இதயம் கம்பெனிக்கே திரும்பி வந்தது. ரிஸ்வானா அதை மேஜையில் வைத்து சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் தான் சேர்த்த வரி ஞாபகம் வந்தது. அதற்குள் 'வந்துட்டேன்' என்று செண்பகவல்லிக்குச் செய்தி போய்விட்டது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று போனை எடுப்பதற்குள் இதயத்தோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர் திரையில் செண்பகவல்லியின் பதில் வந்தது.

"சாப்டீங்களா?"

ரிஸ்வானாவின் விரல் சுவிட்ச்மேலேயே நின்றது. அணைத்தால் அது 'போயிட்டு வரேன்' என்று சொல்லும்.