எழுநூறு தும்மல்

பஞ்சுத் தூசியில் பத்து வருஷம் நின்ற கருணாம்பிகைக்குத் தும்மல் வந்தால் ஏழுக்குக் குறையாது. மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், தலை கனத்துப்போகும். ஆனால் வீடியோ அழைப்பின் திரையில் அதை யாரும் பார்த்ததில்லை. பேசும்போது தும்மினால் திரையே தும்மலை அழித்துவிட்டு, அவள் முகத்தோடும் குரலோடும் பொருத்தமாக நாலு வார்த்தை பேசி இடைவெளியை நிரப்பிவிடும். அந்த வசதிக்கு ‘நாசூக்கு’ என்று பெயர்.

அன்று மில் பெண்கள் பின்னால் நிற்க, சங்கத்தின் சார்பில் தூசி உறிஞ்சும் இயந்திரம் கேட்டு மேலாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள். தும்மல் பிடித்துக்கொண்டது. அடங்கி நிமிர்ந்தபோது திரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப சந்தோஷம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க.”

“நான் எப்பங்க சொன்னேன்? தும்மிட்டுல்லங்க இருந்தேன்!”

“பதிவாயிருச்சுங்களே.”

கருணாம்பிகை நாசூக்கை அணைத்தாள். ஒழுகும் மூக்கும் வீங்கிய கண்ணுமாக முதல்முறையாக அவர் முன்னால் தெரிந்தாள். முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சை மூக்கருகே உதறினாள்.

“இப்பப் பதிஞ்சுக்குங்க.”

தும்மினாள். குழந்தை தும்மினால் ஆயுசுக்கு வாழ்த்துவதுபோல, பின்னால் நின்ற பெண்கள் “நூறு!” என்றார்கள். அடுத்த தும்மலுக்கு, “இருநூறு!” மேலாளரின் சிரிப்பு முந்நூற்றிலேயே காணாமல் போனது.

எழுநூற்றில் அவளுக்குத் தும்மல் நின்றது. அவர் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொருத்தி தும்மினாள்.

“எண்ணூறு!”