உப்பு கரைந்த நாள்

‘இறந்தவர்’ என்று திரை சொன்னது.

இறந்தவள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஷாலால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அது நான் இல்லக்கா. எங்க ஊரு இன்னொரு இசக்கி. உப்பு லோடு டிராக்டர் கவுந்து செத்துப்போனாள்லா, அவ.”

கவுண்டரில் இருந்த நூலக ஊழியை அந்த அட்டையை மறுபடி ஸ்கேனரில் காட்டினாள். மறுபடியும் சிவப்பு.

போன மாதம்தான் மாவட்டத்து நூலகங்களின் பழைய அட்டைகளையும் கணினி உறுப்பினர்களையும் ஒரே டைரக்டரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். இனிமேல் வாசிப்புக்கூடத்துக் கதவானாலும் ஆன்லைன் புத்தகமானாலும் அதைக் கேட்டுத்தான் திறக்கும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர். நாலும் ஒத்துப்போனால் ஒரே ஆள். மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும்.

இசக்கியம்மாள். அப்பா சுடலை. ஒரே வருஷத்து ஜூன் ஐந்து. ஒரே உப்பளத்து ஊர்.

போன வாரம் ஒரு தாய், மகள் எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகள் இல்லை என்று சொல்லிப் போனாள். பதிந்துகொண்டார்கள். ஒரு சாவு இரண்டு பேர் மேலும் விழுந்தது.

“எங்க தெருவுல இசக்கின்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்புவாளுவக்கா. அப்பன்மாரு பூரா சுடலை. இருக்கது இசக்கி, சுடலைன்னு ரெண்டு சாமிதான?”

இசக்கி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

போலீஸ் தேர்வு அடுத்த வாரம். பழைய வினாத்தாள்கள் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. புது அட்டைக்கும் மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்றது. இறந்துவிட்டார் என்றது.

பின் மேசையிலிருந்து பிரிவு அதிகாரி சொன்னார்.

“ரெண்டு கார்டு போட்டுப் புஸ்தகத்த அள்ளிட்டுப் போறதுல இவளுவ கில்லாடிம்மா. அப்படியே கெடக்கட்டும்.”

ஊழியை திரும்பவில்லை.

ஜூன் ஐந்து எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள். அளத்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும். பிறந்த தேதி கேட்டால் அம்மாக்கள் முழிப்பார்கள். ஹெட்மாஸ்டர் எல்லோருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்.

அவளும் அளத்துப் பிள்ளைதான்; அவளுடைய தேதியும் ஜூன் ஐந்துதான்.

பிரிக்கலாம். நாலில் ஒன்று மாற வேண்டும். உயிரோடு இருப்பவளின் தேதியில் கைவைக்க முடியாது. சான்றிதழ், ஆதார், தேர்வு நுழைவுச்சீட்டு எல்லாம் அதில்தான் தொங்குகின்றன.

செத்தவளிடம் இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

“அந்த இசக்கி நெசமா என்னைக்குப் பொறந்தா, தெரியுமா?”



“தேதி தெரியாதுக்கா. அவ அம்மா மாரடிச்சு அழுதப்போ சொன்னா. உப்பெல்லாம் கரைஞ்ச அன்னைக்கு வந்தியே, உப்புக்கு அடியிலயே போயிட்டியேன்னு.”

கோடையில் வந்த மழை. சின்ன வயதில் பார்த்தது, ஊழியைக்கும் நினைவிருந்தது. ஓலை மூடாத உப்புக் குவியல்கள் கண்ணெதிரே உட்கார்ந்தன. அப்பா இரண்டு கையாலும் வெள்ளைத் தண்ணீரை அள்ளிக்கொண்டு நின்றார். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நூலகத்தின் பழைய செய்தித்தாள்கள் இப்போது கணினியில் இருந்தன. தேடினாள். கிடைத்தது. மே மாதத்து வியாழக்கிழமை ஒன்று. சின்னச் செய்தி. எத்தனை டன் உப்பு போயிற்று என்று போட்டிருந்தார்கள். யார் பிறந்தார்கள் என்று போடவில்லை.

இறந்தவளின் பதிவைத் திறந்து அந்தத் தேதியை அடித்தாள்.

ஆதாரம் என்ன என்று மெஷின் கேட்டது. கட்டத்தைக் காலியாக விட்டால் நகராது.

‘தாய் சொன்னது’ என்று எழுதினாள். கீழே தன் ஊழியர் எண்ணைப் போட்டாள். நாளைக்கு மேலிடம் கேட்டால் அந்த எண்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு இசக்கி இரண்டானாள். ஒன்று சாம்பல் நிறம். ஒன்று பச்சை.

“வாரேங்க்கா.”

வாசிப்புக்கூடத்துக் கதவு திறந்து மூடியது.

செய்தித்தாள் பக்கத்தை ஊழியை மூடவில்லை. தேடும் கட்டத்தில் இருந்ததை அழித்தாள். தன் பிறந்த நாளைத் தேட விசைகளின் மேல் விரல்களை வைத்தாள்.

தன் அம்மா எதைச் சொல்லி அழுவாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.