அணிலின் அப்பீல்

மரப்பொந்து கிளிக்குத்தான் சொந்தம் என்று கீழ்க்கோர்ட்டு சொல்லிவிட்டது. உள்ளே குடியிருந்ததோ அணிலும் அதன் மூன்று குட்டிகளும். அணில் அப்பீலுக்குப் போனது.

விசாரணை அன்று வாலைப் படிய வாரிக்கொண்டு போய் நின்றது. யானைதான் ஜட்ஜ். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக இலவசமாகப் பேச, கோர்ட்டே ஒரு காக்கையை வைத்திருந்தது. கேஸ் கூப்பிடுமுன் அது ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு வக்கீல் இருக்காராம்மா?"

பக்கத்தில் நின்ற கிளி தன் நாத்தனாரிடம், "பாரேன், ஓசி வக்கீலுக்கு நிக்குது" என்றது. அணிலுக்குக் காதெல்லாம் சுட்டது.

"இருக்கார். வந்துட்டிருக்கார்."

காக்கை அணிலின் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தது. "பொந்தைக் குடைஞ்ச மரங்கொத்தியே உங்களுக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கு. நல்ல கேஸும்மா. எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேணும்."

"அதான் வர்றாருன்னு சொன்னேனே."

காக்கை தலையாட்டிவிட்டு, அடுத்து நின்ற எலியிடம் போனது.

கேஸைக் கூப்பிட்டார்கள். யானை கேட்டது எதற்கும் அணிலுக்கு வாய் வரவில்லை. காகிதத்தைக் காட்டக்கூடத் தோன்றவில்லை. கிளியின் வக்கீல் ஐந்தே நிமிஷம் பேசினார். அப்பீல் தள்ளுபடி. அடுத்த கேஸில் எலிக்காகக் காக்கை பேசியது. எலி ஜெயித்தது.

வீட்டுக்கு வந்த அணில், குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே கிளையில் வைத்தது.

"நமக்காகப் பேச யாருமே வரலையாம்மா?" என்றது மூத்த குட்டி.

"வந்தாருடா," என்றது அணில், அதன் முகத்தைப் பார்க்காமல். "நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன்."